பெயிண்ட் காயவில்லை

மாங்கனித் திருவிழா அன்று காரைக்காலில் உயரமாக எது நின்றாலும் அதன்மேல் மனிதர்கள் ஏறிவிடுவார்கள். மொட்டை மாடி, மதில் சுவர், ஓரமாக நிறுத்திவைத்த லாரி, எதையும் பாக்கி வைக்கமாட்டார்கள். சப்பரத்தில் பிச்சாண்டவர் வரும்போது மேலேயிருந்து மாம்பழம் வீசவேண்டும், கீழே நிற்பவர்கள் பிடிக்கவேண்டும். பிள்ளை வரம் கேட்பவர்கள் பிடித்துச் சாப்பிடுவார்கள். பிள்ளை பிறந்ததும் நேர்ந்துகொண்டபடி கூடையோடு வந்து அவர்களே வீசுவார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த உமாமகேஸ்வரிக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? பேஷாகத் தெரியும். தெரிந்திருந்தும் செய்யக்கூடாத காரியத்தைச் செய்துவிட்டு, அன்றைக்குத் தெருமுனைத் தண்ணீர்ப் பந்தலில் ட்யூட்டி பார்த்துக்கொண்டு நின்றாள்.

உமா நகராட்சியில் பூங்காப் பிரிவு இன்ஜினியர். சப்பரம் வரும் தெருவில் இருக்கிறதே புங்கமரப் பூங்கா, அது அவள் கைப்பட வரைந்து கட்டியது. அதற்கு முன் அங்கே கருவேலமும் உடைந்த பாட்டிலும்தான். பிள்ளைகள் ஏறி விளையாட இரும்பில் ஒரு கோட்டையை நிறுத்தினாள். நாலு கால், மேலே ஓராள் நிமிர்ந்து நடக்கும்படி ஒரு தளம், ஏற ஏணி, இறங்கச் சறுக்குமரம். கோட்டை தெருவோரமாகவே நிற்கவேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினாள். அம்மாக்கள் வெளியில் நின்றபடியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. நல்ல கணக்குதான்.

கடல் பக்கத்தில் இருக்கிற ஊரில் இரும்புக்கு ஆயுசு ஏது? போன மாதம் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது மற்ற மூன்று காலும் கணீரென்றன. தெருப்பக்கத்துக் கால் மட்டும் சொத்தென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே உள்ளே துரு தின்றுவிட்டது என்று உமாவுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் மேலதிகாரி தெட்சிணாமூர்த்தியிடம் சொன்னாள்.

"இப்பப் போயி பிரிச்சுப் போட்டீங்கன்னா சப்பரம் வர்ற தெருவுல இரும்புக் குப்பையால்ல கெடக்கும்? பெயிண்ட அடிச்சு நிறுத்துங்கம்மா. திருவிழா முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் அவர்.

அந்த ஆபீசில் எந்த நோய்க்கும் பெயிண்ட்தான் மருந்து. உமாவும் சரி என்று தலையாட்டினாள். நீல பெயிண்ட் பளபளவென்று ஏறியது. பூங்காவைப் பூட்டி, கேட்டில் 'பெயிண்ட் காயவில்லை' என்று ஒரு போர்டையும் தொங்கவிட்டாள். கால் இற்றுப்போய்விட்டது, ஏறாதீர்கள் என்று எழுதியிருக்கலாமே? எழுதினால் கட்டியது யார், கவனித்தது யார் என்று கேள்வி வரும். கேள்விக்குப் பயந்து பொய்யை எழுதித் தொங்கவிட்டாள்.

அதோடு விட்டாளா? அதுவும் இல்லை. திருவிழாவுக்கு முதல் நாள் குரும்பகரத்திலிருந்து தங்கச்சி அல்லி வந்து நின்றாள். கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கி, இதே தெருவில் ஒரு பழத்தைப் பிடித்துத் தின்று, அதற்குப் பிறகு பிறந்தவள்தான் மதிவதனி. இப்போதுதான் நடை பழகியிருக்கிறாள். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த வீட்டில் ஒரே குழந்தை அவள்தான். உமாவுக்குப் பிள்ளை இல்லை. கண்ணே மணியே என்று கொஞ்சுவது அம்மாவைவிடப் பெரியம்மாதான்.

"எல்லா மாடியும் சொந்தக்காரங்களாலயே ரொம்பிப் போச்சுக்கா. எங்க நின்னு வீசுறது? ஒன் கோட்டை மேல நான் மட்டும் ஏறிக்கவா? நான், புள்ள, ஒரு கூடை. அவ்ளோதான்" என்று கெஞ்சினாள் அல்லி.

உமா யோசித்தாள். ஒரே ஒருத்தி. கொஞ்ச நேரம். ஒல்லியான உடம்பு வேறு. இது நேர்ந்துகொண்ட காரியம், முடியாது என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால் காலைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அப்போது அவள் மனது ஏதோ சொல்லத்தான் செய்தது. அவள்தான் காதில் வாங்கவில்லை.

சப்பரம் இன்னும் தெருமுனையைத் திரும்பவில்லை. மேளச் சத்தம் மட்டும் அடுத்த தெருவிலிருந்து கேட்டது. உமா தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டும்போது அவள் காலடியில் ஒரு பழம் வந்து விழுந்து சிதறியது. பொறுமை இல்லாத யாரோ முன்கூட்டியே எறிந்திருக்கிறார்கள். விழுந்த திசையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் வீடே கிடையாது, மாடியும் கிடையாது. பூங்காதான் இருந்தது.

டம்ளரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கோட்டை நிறைய ஜனம். பட்டுப்புடவை, கூடை, இடுப்பில் குழந்தை, தோளில் குழந்தை, கம்பியில் தொற்றிக்கொண்டு இளவட்டங்கள். சறுக்குமரத்தில்கூட ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மதிவதனியை இடுப்பில் வைத்துக்கொண்டு அல்லி. அக்காவைப் பார்த்ததும் சிரித்துக் கையை ஆட்டினாள்.

"கேட்டு தொறந்திருந்துச்சும்மா. தொட்டுப் பாத்தோம், பெயிண்டு நல்லாக் காஞ்சுதான் இருக்கு" என்றாள் ஏணியடியில் நின்ற காசியம்மா. காரைக்கால்மேட்டில் மீன் விற்கிறவள். அவள் கையிலும் கூடை இருந்தது. உமா தன்னையே திட்டிக்கொண்டாள். பாவி, நீயே எழுதிக் கொடுத்தாயே!

தெருப்பக்கத்துக் கால் எப்போதும்போல் பளபளவென்று நின்றது. குனிந்து பார்த்தாள். அடியில், காரை பூசிய இடத்தில், பெயிண்ட் மயிரிழையாகப் பிளந்திருந்தது. மேலே யாரோ இடம் மாறி நின்றார்கள். இரும்பு க்ரிச் என்றது. மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. உமாவுக்குக் கேட்டது.

"விழப்போகுது, எறங்குங்க" என்று கத்தலாம். கத்தினால் என்ன ஆகும்? அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஏணிப்பக்கம் பாய்வார்கள், ஏணி இருப்பதும் தெருப்பக்கம்தான். கோட்டை அப்படியே தெருவில் சாயும். தெருவில் நிற்க இடமில்லாமல் ஜனம் நெருக்கிக்கொண்டிருந்தது. துண்டை விரித்துக்கொண்டும் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயைத் திறந்தாலும் சாவு, திறக்காவிட்டாலும் சாவு. மேளம் கிட்டே வந்துகொண்டிருந்தது.

எதிர்சாரியில் ஜன்னத்துல் பிர்தௌஸின் மாடி வீடு. பெரிய மொட்டை மாடி, வீட்டு ஆண்களெல்லாம் துபாயில், மாடி காலியாகக் கிடந்தது. கோட்டைமேல் ஏறினால் தன் வீட்டு முற்றம் தெரிகிறது என்று உமாவோடு சண்டை போட்ட மனுஷி அவள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. உமா ஜனத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த ஜன்னத்துல் பிர்தௌஸ் முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு உமாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது, மவுத்து விழுந்த வீட்டு மொகமா வந்து நிக்கிறீங்க?"

"லாத்தா, ஒங்க மாடியத் தொறந்து விடுங்க. கோட்டை மேல நிக்கிறவங்கள இங்க கூப்பிடுங்க. எறங்கணும், ஆனா பயந்து எறங்கக்கூடாது. கால் இத்துப் போயிருக்கு லாத்தா. என் தங்கச்சி புள்ள மேல இருக்கு."

அந்தம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "யா அல்லாஹ்" என்று முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அடுத்த நிமிஷம் அவள் குரல் தெருவையே தூக்கியது.

"ஏ புள்ளைங்களா! அங்க என்ன தொங்கிக்கிட்டு? இங்க வாங்க, சப்பரம் நேருக்கு நேராத் தெரியும்! நெழலு இருக்கு, சர்பத்து இருக்கு! கைப்புள்ளைக்காரவுங்க மொதல்ல! மத்தவங்க நான் கூப்புட்டாத்தான் வரணும், தள்ளிக்கிட்டு வந்தீங்க, கதவச் சாத்திப்புடுவேன்!"

உமா அதற்குள் ஏணியடிக்கு வந்துவிட்டாள். கைக்குழந்தைக்காரிகள் சந்தோஷமாக இறங்கினார்கள். ஒவ்வொருத்தியையும் கை கொடுத்து இறக்கிவிட்டாள். கம்பியில் தொற்றியிருந்த இளவட்டங்களைச் சர்பத்து இழுத்தது. காசியம்மா மேலே போன வேகத்திலேயே முணுமுணுத்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு ஆள் இறங்கும்போதும் இரும்பு முனகியது. ஒவ்வொரு தடவையும் உமா காரைக்கால் அம்மையாரே, அம்மையாரே என்று மனசுக்குள் அரற்றினாள்.

அல்லி மட்டும் இறங்கவில்லை.

"அல்லி, நீயும் வாடி!"

"நான் எதுக்குக்கா? எல்லாரும் போயி இப்பத்தான் தாராளமா இருக்கு. இது நீ எனக்குக் குடுத்த எடம். இங்கேருந்துதான் வீசுவேன்."

"சொன்னாக் கேளுடி!"

அதற்குள் சப்பரம் திரும்பிவிட்டது. ஒரே இரைச்சல். எல்லா மாடியிலிருந்தும் பழம் மழையாகக் கொட்டியது. பிடிக்க எம்பிய ஜனம் அலையாகப் பூங்காப் பக்கம் தள்ளியது. வேலி நசுங்கி, முதுகு முதுகாக வந்து கோட்டையின் காலில் மோதினார்கள். கோட்டை ஆடியது. மேலே நின்ற அல்லி, ஆட்டத்தை உற்சாகம் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கூவிச் சிரித்தபடி பழம் பழமாக வீசினாள். மதிவதனியும் தன் பிஞ்சுக் கையால் ஒன்றை எறிந்தாள்.

உமா காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், இரும்பைத்தான். தோளைக் கொடுத்து, கன்னத்தை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். ஒரு பொம்பளை உடம்பால் அது நிற்குமா? நிற்காது என்று படித்தவளுக்குத் தெரியாதா? ஆனால் விட முடியவில்லை. பழங்கள் முதுகில் விழுந்து நசுங்கின. கன்னத்துக்கடியில் இரும்புக்குள் என்னவோ பொலபொலவென்று உதிர்கிற சத்தம் கேட்டது. எனக்கு வேண்டுமானால் வரட்டும், அந்தப் பிள்ளைக்கு வேண்டாம், வேண்டாம் என்று புலம்பினாள்.

சப்பரம் நகர்ந்தது. கூட்டமும் அதன் பின்னால் போயிற்று. கோட்டை நின்றது. எப்படி நின்றது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அல்லி காலிக் கூடையோடு இறங்கி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "மனசு நெறைஞ்சு போச்சுக்கா. போடி, பெரியம்மாகிட்டப் போ" என்று குழந்தையை உமாவின் கையில் கொடுத்தாள். மதிவதனி பழச்சாறு வழிகிற கையால் பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உமா குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அப்போது கேட் வழியாகத் தெருப் பிள்ளைகள் ஹோவென்று ஓடிவந்தார்கள். நேரே ஏணிக்கு. உமா குறுக்கே போய் நின்றாள்.

"ஏறக்கூடாது. யாரும் ஏறக்கூடாது. போங்க!"

"அடப் போங்கம்மா. அத்தன பேரு மேல நின்னப்பவே ஒண்ணும் ஆவல. சின்னப் புள்ளைங்க ஏறுனா என்னவாம்?" என்றாள் காசியம்மா எதிர்வீட்டு வாசலிலிருந்து.

"அதானே! எங்க அக்கா கட்டுனது. யானை ஏறுனாலும் தாங்கும்" என்று சிரித்தாள் அல்லி.

நாலைந்து அம்மாக்கள் சேர்ந்துவிட்டார்கள். பெயிண்ட்தான் காய்ந்துவிட்டதே, பூங்காவைத் திறந்துவிடவேண்டியதுதானே என்றார்கள். ஒரு பொடிசு அவள் கைக்கடியில் நுழைந்து முதல் படியில் கால் வைத்தே விட்டது. அதை ஒரு கையால் பிடித்து இழுத்துவிட்டு, குழந்தையோடு இரண்டடி பின்னால் நகர்ந்து, உமா தன் குதிகாலால் தெருப்பக்கத்துக் காலை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

நீலத் தோல் உடைந்து அவள் பாதம் உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது துருப்பொடி பொலபொலவென்று மண்ணில் கொட்டியது. கால் என்று நின்றதில் பாதிக்கு மேல் வெறும் பெயிண்ட்தான் இருந்தது.

அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். அல்லி அந்த ஓட்டையைப் பார்த்தாள். தான் நின்ற இடத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"இது ஒனக்கு இப்பத்தான் தெரியுமாக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அல்லி நம்பிவிடுவாள். அக்கா எதைச் சொன்னாலும் நம்புகிறவள்தான், நம்பித்தான் ஏறினாள். உமாவுக்கு ஆமாம் என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. சுற்றி நின்ற அம்மாக்களைப் பார்த்தாள்.

"முன்னாடியே தெரியும்" என்றாள்.

அல்லி கிட்டே வந்து குழந்தையின் இடுப்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். மதிவதனி வரமாட்டேன் என்று வீறிட்டு, பெரியம்மாவின் ரவிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அல்லி அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பெரியம்மா, பெரியம்மா என்று குழந்தை அழுதுகொண்டே போயிற்று, அல்லி திரும்பிப் பார்க்கவில்லை.