மணிவேலின் வளைவுகள்

ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் மணிவேலின் வேனுக்கு மட்டும் ஒரு வளைவு கூடுதலாக வந்தது. அரசுப் பேருந்துக்கு வரவில்லை. பலாப்பழ லாரிக்கும் வரவில்லை. புது வளைவிலும் தடுப்புக்கல்லுக்கு வெள்ளை அடித்திருந்தது, ஓரத்தில் உண்ணிச்செடி பூத்திருந்தது. பயணிகள் யாரும் கவனிக்கவில்லை. மணிவேல் கவனித்தான். முந்தின சாயங்காலம், சவாரிக்குக் காத்திருந்த நேரத்தில், ஏலச்சீட்டு எடுத்த பணத்தைப் போனில் ரம்மி ஆடித் தோற்றிருந்தான். மனைவி இளவரசியிடம் அதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு அவன் ஆடி மறைத்த ஒவ்வொரு தடவையும் பாதை ஒரு வளைவு நீண்டது. விட்டதைப் பிடித்ததும் நிறுத்திவிடுவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்; பிடித்த நாளிலும் நிறுத்தவில்லை. கேட்டவர்களிடம் ரோடு வேலை நடக்கிறது என்றான். மலையிலிருந்து ஏற்றிய பால் வழியிலேயே திரிந்தது. வீட்டில் போனைக் கவிழ்த்தே வைத்தான், இளவரசி வாய் திறந்தாலே எரிந்து விழுந்தான். மழைக்காலம் முடிவதற்குள், காலையில் மலையை விட்டுக் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் ஆலங்காயம் கண்ணில் பட்டது. தெரிந்தவர்கள் பேருந்துக்கு மாறிவிட்டார்கள்.

தை மாதம் ஒரு முற்பகலில், ஜமுனாமரத்தூரில் நிறைமாதமாக இருந்த சுவேதாவுக்கு இடுப்புவலி கண்டது. ஊரில் அப்போது வேறு வண்டி இல்லை. அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு மகளை மணிவேலின் வேனில் படுக்கவைத்துத் தானும் ஏறிக்கொண்டாள். வளைவு வந்தது, இன்னொன்று வந்தது, வந்துகொண்டே இருந்தது. சுவேதா கத்தக் கத்த மணிவேல் வண்டியை விரட்டினான்.

“மணிவேலு, இன்னாடா இது? ரோட்ட இன்னாடா பண்ணி வெச்ச?” என்றாள் அம்மாக்கண்ணு.

வேலை நடக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். “போன்ல ரம்மி ஆடுறேன்க்கா. வுடணும்னு பாக்குறேன், முடியல. வூட்ல யாருக்கும் தெரியாது” என்று வந்தது.

அடுத்த திருப்பத்தில் மலை முடிந்தது. ஆலங்காயத்து ஆஸ்பத்திரியில் சுவேதாவுக்குச் சுகப்பிரசவம் ஆனது, பெண் குழந்தை. அம்மாக்கண்ணு வெளியே வந்து, “இத்த நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயே போய் ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லு” என்றாள்.

அன்று இரவே சொன்னான். இளவரசி வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீ எவளோ ஒருத்திய வெச்சிகினு இருக்கேன்னு இல்ல நெனச்சேன்! போனைக் குடு” என்றாள். மறுநாள் அவளே அவனை வாணியம்பாடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே மனநல ஆலோசகர் தஸ்லீம், நெடுநாள் தெரிந்தவரைப் போல அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். வளைவுகளைப் பற்றியும் சொன்னான். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“இது கெட்ட புத்தி இல்லீங்க, நோவு. வைத்தியம் இருக்கு” என்றார். “எப்ப ஆடத் தோணுது?”

“சவாரிக்கு நிக்கிறப்பதாங்க.”

“அப்ப சும்மா நிக்காதீங்க. யார்கிட்டயாவது பேசுங்க. எனக்குப் போன் பண்ணுங்க.”

ரம்மி ஆடிய போன் போய்ப் பட்டன் போன் வந்தது, சவாரிக் காசு இளவரசியின் கைக்குப் போனது. வாரம் ஒரு முறை, அவனைப்போலவே சிக்கி மீண்டவர்களோடு தஸ்லீமின் அறையில் உட்கார்ந்து பேசினான்; வளைவுகளும் குறைந்துகொண்டே வந்தன. பங்குனியில் ஒரு நாள் சறுக்கி, கூட்டாளியின் போனை வாங்கி ஆடினான். மறைந்த வளைவு ஒன்று திரும்ப வந்தது. அங்கேயே வண்டியை ஓரங்கட்டி தஸ்லீமுக்கும் பிறகு இளவரசிக்கும் போன் போட்டுச் சொன்னான். இளவரசி திட்டினாள், ஆனால் போனை வைக்கவில்லை.

மற்ற வளைவுகள் ஒவ்வொன்றாக மலைக்குள் போய்விட்டன. பங்குனியில் திரும்பி வந்த அந்த ஒன்று மட்டும் போகவில்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. அங்கே நல்ல கடுக்காய் மரங்கள் இருப்பதால் அம்மாக்கண்ணு மாதம் ஒரு தரம் அவன் வண்டியில் வந்து இறங்கிப் பொறுக்கிக்கொள்கிறாள், வேறு வண்டியில் வந்தால் அந்த இடம் கிடைப்பதில்லை. இளவரசி அந்த ஒரு வளைவுக்கான நேரத்தையும் சேர்த்தே உலை வைக்கிறாள். அவன் வாசலில் வண்டியை நிறுத்தும்போது சோறு சூடாக இருக்கிறது.