மணல் தொட்டியில் நின்ற பயம்

1995ஆம் ஆண்டு மே மாதம், நத்தம் சாலை ஓரத்து நீச்சல் குளத்தின் மணல் தொட்டியில் மனிதர்களின் பயம் தங்க ஆரம்பித்தது. குளத்தைக் கட்டியவர் வெங்காய மண்டி பெருமாள்சாமி. குடிக்கிற தண்ணீரே பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற திண்டுக்கல்லில் நீந்துவதற்கு ஒரு குளமா என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்கள்தான் பள்ளி விடுமுறை வந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். குளத்தில் முங்கி எழுந்த ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரே ஒரு பயம், இருப்பதிலேயே பெரியது, தண்ணீரில் கழன்றது. மோட்டார் அந்தத் தண்ணீரை இழுத்தது. முடியும் இலையும் மோட்டாருக்கு முன்னால் இருந்த கூடையில் சிக்கின. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் பயமும் ஆள் உயரத் தொட்டியின் மணலில் நின்றுவிட, தெளிந்த தண்ணீர் குளத்துக்குத் திரும்பியது.

இது முதலில் தெரிந்தது மாயம்மாளுக்கு. மணலில் அழுக்கு அடைந்து தொட்டியின் அழுத்த மீட்டரில் முள் பத்திலிருந்து இருபதுக்கு ஏறினால், தண்ணீரைத் தலைகீழாக, அடியிலிருந்து மேலாக விட்டு மணலைக் கழுவ வேண்டும். அந்தக் கழிவுத் தண்ணீர் வெளியே வாய்க்காலில் ஓடும். அதில் துணி அலசிய மாயம்மாள் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. ஆனால் அன்று மத்தியானம் இரண்டு மணி வரை கணக்குப் பரீட்சைக்குப் பயந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் அவளுக்குப் பல் டாக்டர் பயம் வந்தது. அதற்கடுத்த வாரம், மாமியார் செத்துப் பதினோரு வருஷமான பிறகு, மாமியார் பயம். அதோடு அவள் துணியைக் குழாயடிக்கு எடுத்துப் போய்விட்டாள். பெருமாள்சாமி வாய்க்காலுக்கு வேலி போட்டார், நுழைவுச் சீட்டில் ஒரு ரூபாய் கூட்டினார்.

மோட்டாரைப் பார்த்துக்கொண்டவர் சிலுவைமுத்து. அதற்கு முன்னால் நத்தத்தில் ஒரு மாந்தோப்பின் கிணற்று மோட்டாரைப் பதினைந்து வருஷம் ஓட்டியவர். அவர் மனைவி அல்போன்சா நாகல் நகரிலிருந்து மத்தியானச் சோறு கொண்டுவந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்திருப்பாள். தொட்டியைப் பொருத்திய கோயம்புத்தூர்க்காரர் முதல் நாளே, தண்ணீரின் திசையை மாற்றும் கைப்பிடியைக் காட்டி, அவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: “ஏனுங்க, மோட்டார் ஓடறப்ப இந்தக் கைப்பிடியைத் திருப்பிப் போடாதீங்க. போட்டீங்கன்னா தொட்டி மூடி முன்னால போகும், நீங்க பின்னால போவீங்க.”

கிணற்று மோட்டாரில் வளர்ந்த கைக்கு இது பெரிய சோதனை. தோட்டத்தில் ஒரு வாய்க்காலை அடைத்து இன்னொன்றைத் திறக்கிறவன் மோட்டாரை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மறுபடி கரண்டு இருக்குமோ இருக்காதோ. ஆனாலும் சிலுவைமுத்து நான்கு வருஷம் ஒருநாள்கூடத் தவறவில்லை. மோட்டாரை நிறுத்துவார், முள் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை நிற்பார், பிறகுதான் கைப்பிடி. மறுபடி ஓட்டும்போது காற்றுத் திருகைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் பீறிடும் வரை தொட்டிக்கு எட்டவே நிற்பார். அத்தனை பயந்தவர். அல்போன்சாவுக்கு அந்தப் பயத்தின் மேல் கொள்ளை நம்பிக்கை.

1999 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளத்தின் அடியில் தண்ணீர் இழுக்கும் துளையின் மூடி கழன்றுவிட்டது. மூடி இல்லாத துளையில் கூந்தல் சிக்கினால் தலையை மேலே எடுக்க முடியாது. சிலுவைமுத்து எல்லோரையும் கரையேற்றி, மோட்டாரை நிறுத்தி, திருப்புளியோடு தானே இறங்கினார். நான்கு வருஷத்தில் அவர் குளத்தில் கால் வைத்தது அன்றுதான். மூன்று முங்கலில் மூடியை முடுக்கிவிட்டு ஏறி, மோட்டாரைப் போட்டார்.

அன்றைக்கு ராத்திரி சோறு சாப்பிடும்போதே அவர் விசில் அடித்தார். அல்போன்சாவுக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, குளத்துக்கு விடுமுறை, கழுவும் நாள். அவள் சீக்கிரமே போனாள். சிலுவைமுத்து ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டார். விஷப்புகை கிளம்பும் என்று தெரிந்தும், குளோரின் பொடி இருந்த வாளியிலேயே ஆசிட்டையும் ஊற்றப் போனார். அவள் வாளியைப் பிடுங்கித் தூரமாக வைத்துவிட்டுத் திரும்பினால், மோட்டார் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் கை கைப்பிடியின் மேல் இருக்கிறது.

அவள் பாய்ந்து மெயினை இறக்கினாள். இந்த மனுஷர் இப்படியே இருந்தால் வெள்ளிக்கிழமையைப் பார்க்க மாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“செத்த நேரம் அந்தப் பக்கமா போய் நில்லுங்க,” என்றாள்.

“ஒண்ணும் ஆகாதுடி,” என்று அவர் சிரித்தார். அந்த வார்த்தையை அவர் வாயில் அவள் அதுவரை கேட்டதில்லை.

கடைசியாக மணலில் நின்றது அவருடைய பயம்தான். அவருக்குப் பின் குளத்தில் யாரும் இறங்கவில்லை. கழுவும்போது மேல்மணலில் இருப்பது முதலில் வரும். நான்கு வருஷம் வாசலில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முள் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை நின்றாள். கைப்பிடியை அமுக்கி, கழுவும் பக்கம் திருப்பினாள். கழிவுக் குழாயின் வாயில் வேறொரு வாளியை வைத்தாள். ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டாரைப் போட்டாள்.

கழிவுக் குழாயில் இருந்த கண்ணாடிக் குமிழில் தண்ணீர் பழுப்பாக வந்தது. வாளி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தி, அவருடையதுதானா என்று பார்க்க அதில் கையை விட்டாள். மோட்டார் வெடிப்பதையோ கரண்டு அடிப்பதையோ எதிர்பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை. அவள் கண்முன் நாகல் நகர் வீட்டின் சமையலறை இருந்தது. ரேஷன் கார்டில் அவர் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அல்போன்சா குழாயடியில் ஒரே ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இதை அவளிடம் சொன்னதே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாளியைத் தூக்கி அவர் தலையில் ஊற்றினாள்.

சிலுவைமுத்துவின் சிரிப்பு நின்றது. கழுத்தில் மணல் ஒட்டியிருக்க, அவர் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு கைப்பிடியைப் பார்த்தார்.

“மோட்டார நிறுத்திட்டியா?”

“நிறுத்திட்டேன்.”

“முள்ளப் பாத்தியா?”

“பாத்தேங்க.”

“எதுக்கும் இன்னொருக்காப் பாரு,” என்றார். அவள் பார்த்தாள்.

2008இல் குளத்தை மூடிக் கல்யாண மண்டபம் கட்டும் வரை அவர்தான் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டார். ஓடும் மோட்டாரில் கைப்பிடியைத் தொடவில்லை, குளத்தில் மறுபடி இறங்கவுமில்லை. அந்தத் திங்கட்கிழமை வாளியின் அடியில் மிஞ்சிய இரண்டு செம்புத் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் அல்போன்சா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடிக்கு விட்டாள். குளோரின் தண்ணீர் என்றாலும் செடி பட்டுப்போகவில்லை. சிலுவைமுத்து வர நேரமானால் மட்டும் அது தெருப் பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். அவருடைய சைக்கிள் நத்தம் சாலையிலிருந்து திரும்பியதும் நிமிரும். அல்போன்சா ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். செடி நிமிர்ந்திருந்தால் இரண்டு தட்டை எடுத்து வைப்பாள்.