வரி 340: எதிர்பாராத குறி

நிரலைப் படித்துக் கணினிக்குப் புரியவைக்கும் அந்தக் கம்பைலரை யார் எங்கிருந்து திட்டினாலும், திட்டு மூன்றாம் மாடியில் ஒருத்தியின் மேசைமேல் கூழாங்கல்லாக விழுந்தது. அலுவலகத்தில் அவளை எல்லோரும் அக்கா என்பார்கள். பிழைச்செய்திகள் அவள் பொறுப்பு என்பதால் யாருக்கும் இதில் வியப்பில்லை. நாளுக்கு நாற்பது கல், திங்கட்கிழமை அறுபது. துப்புரவுக்காரர் வாளியை அங்கேயே விட்டுவிட்டார்.

பாதிக்குமேல் ஒரே செய்திக்காக விழுந்தவை. நிரலின் பன்னிரண்டாம் வரியில் < என்று திறந்த ஒரு அடைப்பை > போட்டு மூட மறந்தால், கம்பைலர் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போய், முந்நூற்று நாற்பதில் மூச்சு முட்டி நின்று, "வரி 340: எதிர்பாராத குறி" என்று மட்டும் சொல்லும். அந்த வரியில் ஒரு குற்றமும் இருக்காது. அடைப்பு திறந்த இடம் அதற்கு நன்றாகத் தெரியும், சொல்லாது. நான்கு ஆண்டுகளில் மூன்று முறை அக்கா அதைத் திருத்திக் கொடுத்தாள். செய்தியை முதலில் எழுதிய தலைமைப் பொறியாளர் மூன்று முறையும் தள்ளிவிட்டார். "மெசேஜ் சரியாத்தாம்மா இருக்கு. புரியாதவன் ஏன் இந்த வேலைக்கு வரான்?" அவர் தலையில் ஒரு கல்கூட விழுந்ததில்லை.

ஒரு செவ்வாய் மதியம் சொந்தத் தங்கை போன் செய்தாள். நிரல் எழுதக் கற்க ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"இனி கிளாஸுக்குப் போகலக்கா. மூணு நாளா 340ஆம் வரியையே முறைச்சுக்கிட்டு இருக்கேன். என் மண்டையில ஒண்ணுமில்ல, அவ்ளோதான்."

"கம்பைலரைத் திட்டினியாடி?"

"அது என்ன பண்ணும், பாவம். என்னையத்தான் திட்டிக்கிட்டேன்."

அக்கா வாளியைப் பார்த்தாள். தங்கையிடமிருந்து ஒரு மணல்துகள்கூட வந்திருக்கவில்லை. இப்படித் தன்னையே திட்டிக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்துபோனவர்கள் எத்தனை பேரோ. அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. மாலைக்குள் செய்தியை மாற்றி, ஒப்புதல் கேட்காமலே வெளியிட்டாள்: "வரி 12இல் திறந்த அடைப்பு மூடப்படவில்லை. அங்கே > விட்டுப்போயிருக்கலாம்."

மறுநாள் தலைமைப் பொறியாளர் வந்து நின்றார். "யாரைக் கேட்டு மாத்தினே?"

"யாரையும் கேக்கல சார். பழசே வேணும்னா போட்டுக்குங்க. கீழ உங்க பேரையும் சேர்த்துப் போட்டுடுங்க."

அவர் வாளியைப் பார்த்தார். பழசைப் போடவில்லை.

தங்கை வகுப்புக்குத் திரும்பினாள். எட்டு மாதம் கழித்து, கைக்கு அடங்காத ஒரு கல் வந்து அக்காவின் முழங்கையில் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே ஆள் யாரென்று தெரிந்தது; தங்கைக்குப் போன் போட்டாள்.

"நீதானேடி?"

"நானேதான். இந்த மெசேஜை எந்த முட்டாள்க்கா எழுதினான்?"

"நான்தான்," என்றாள் அக்கா, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே. "எந்த மெசேஜ்? முழுசாப் படி."