நாலு கன்றும் ஒரு லிஃப்டும்

1

ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்காக இந்தக் கதையைக் கேட்டார்கள். 'குடும்பமாகப் பழத்தோட்டம் போடுவோம்' என்று தலைப்பும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். படித்தால் மனசு குளிர வேண்டுமாம். முயன்றேன்.

'அசோக் நகரில் குயில் கூவும் ஒரு காலையில்—'

(அடித்துவிட்டேன். அசோக் நகரில் காலையில் கூவுவது ரிவர்ஸ் எடுக்கும் தண்ணீர் லாரி.)

2

வெள்ளைத்துரைக்கு தி. நகரில் ஜவுளிக்கடை. அசோக் நகரில் பழைய வீடு, பின்னால் கொஞ்சம் காலி மண். கல்யாணமான இரண்டு மகன்களும் அதே வீட்டில் ஆளுக்கொரு பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மா, கொய்யா, சப்போட்டா, மாதுளை என நாலு கன்றோடு வந்து இறங்கினார்.

"குடும்பமா நட்டாத்தாம்ல தோட்டம் நிக்கும். எல்லாரும் வாங்க."

வந்தார்கள். மூத்தவன் சுரேஷ்குமார் வெள்ளை ஷூவோடு. இளையவன் மகேஷ் கடப்பாரையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு கடப்பாரையைச் சுவரில் சாத்தினான். வெள்ளைத்துரையின் மனைவி சண்முகவடிவு நாற்காலியில் உட்கார்ந்து "ஆழம் பத்தாது" என்றாள். குழி வெட்டியது மகேஷின் மனைவி ஜெயஸ்ரீ.

மாங்கன்று யார் பக்கம் என்பதில் சண்டை.

"உன் பக்கம் வச்சுக்கடா."

"வேணாண்ணே, உன் பக்கந்தான் வெயில் விழுது."

பிள்ளைகள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று வெள்ளைத்துரைக்குக் கண் கலங்கியது. ஜெயஸ்ரீக்கும்தான். கை கழுவும்போது மகேஷ் அவளிடம் விஷயத்தைச் சொன்னான்: வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட பில்டரிடம் பேசியாகிவிட்டது, இடிக்கும்போது மரம் யார் பக்கம் நிற்கிறதோ அவனுக்குத்தான் தலைவலி.

"அப்பாகிட்ட பக்குவமா சொல்லிக்கலாம். நீ வாயத் தொறக்காத."

3

இங்கேதான் ஜெயஸ்ரீ மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. தெரிந்த பிறகும் ஏன் தண்ணீர் ஊற்றினாள்? அவளை முட்டாளாக எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். வளைந்து கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

வேண்டுமானால் இப்படி: முதல் கோடையில் கொய்யா வாடியது. போகட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். மறுநாள் ஒரு வாளி. மாடியிலிருந்து மாமனார், "ஒனக்குக் கைராசிம்மா" என்றார். இந்த வீட்டில் அவள் வாங்கிய முதல் பாராட்டு அது.

(மலிவான காரணம்தான். பாராட்டும் மலிவாகத்தான் கிடைத்தது.)

4

கொய்யா பழுத்தது. முதல் பழத்தைக் குடும்பமாக உட்கார்ந்து வெட்ட வேண்டும் என்றார் வெள்ளைத்துரை. சுரேஷ்குமார் அன்றைக்கு 'ஃப்ரெண்டு' என்று ஒருவரைக் கூட்டி வந்தான். பெரியவர் முதல் துண்டை விருந்தாளிக்கே கொடுத்தார்.

"சூப்பரா இருக்கு சார்," என்றார் அவர் மென்றுகொண்டே. "கரெக்டா அந்த மரம் இருக்கற எடத்துலதான் லிஃப்ட் வருது."

மற்றவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள்.

வெள்ளைத்துரை ஜெயஸ்ரீயைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா தண்ணி ஊத்துன?"

"மரத்துக்குத் தெரியாதே மாமா."

(கடைசி வரி நான் போட்டது. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.)

5

முடிவு ஒன்று: பெரியவர் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார். மகன்கள் திருந்தி—

முடிவு இரண்டு: வீட்டை அநாதை இல்லத்துக்கு எழுதி—

மலர்க்காரர்கள் எதை வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளட்டும். நடந்தது வேறு. வெள்ளைத்துரை கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பில்டர் பக்கம் திரும்பினார்.

"லிஃப்டுல எத்தன பேரு போலாம்? ரோட்டப் பாத்த ஃப்ளாட்டு எனக்குத்தான். அத மொதல்ல பேசிருவோம்."

மகன்களுக்கு உயிர் வந்தது. சண்முகவடிவு காபி போடச் சொன்னாள். பெரியவர் மருமகளைத் தேற்றினார்: "மொட்டமாடில தொட்டி வச்சுக்கிடலாம்மா. நீதான் நல்லா ஊத்துதியே."

6

ஜெயஸ்ரீ காபி போடவில்லை. பின்னால் போனாள். பழம், காய், பிஞ்சு என்று பார்க்காமல் மரத்தையே மொட்டையடித்துப் பையில் நிரப்பிக்கொண்டு, கூடத்தின் நடுவாக நடந்து வாசலுக்கு வந்தாள்.

"ஏய், எங்க போற?" என்றான் மகேஷ்.

போகிற ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டாள்.

ராயப்பேட்டையில் அம்மா வீடு இருக்கிறது. பெசன்ட் நகரில் கடல் இருக்கிறது. கோபித்துக்கொண்டு கிளம்பும் பெண்களை எழுத்தாளர்கள் வழக்கமாக இந்த இரண்டு இடத்தில்தான் இறக்கிவிடுவோம். அவளோ பையிலிருந்து ஒரு காயை எடுத்துக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கிறாள்.

"எங்கக்கா போவணும்? சீக்ரம் சொல்லு, பின்னாடி பஸ்ஸுக்காரன் ஆரன் அட்ச்சிக்கினே கீறான்."

நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். ஆட்டோக்காரருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.