என் கடைப் பூட்டை நானே உடைத்தால்

நூலகத்தின் செய்தித்தாள் அறையில் ஜன்னலோரமாக ஒரு மேசை உண்டு. சனிக்கிழமை காலைகளில் மட்டும் அதன் மேல் 'இலவச சட்ட ஆலோசனை' என்ற அட்டையை நிறுத்தி வைப்பார்கள். அட்டை சாய்ந்து சாய்ந்து விழும் என்பதால் முட்டுக்கொடுக்க ஒரு பழைய அகராதி. மாலைநேரச் சட்டக் கல்லூரி மாணவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராக வந்து உட்கார வேண்டும். கூடவே சீனியர் வக்கீல் ஒருவர் இருப்பார். கேள்வியை மாணவர்கள் கேட்டு வாங்கலாம், பதிலை அவர்தான் சொல்ல வேண்டும். அதுதான் அந்த மேசையின் விதி.

அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்திருந்தவர்கள் 'ஆனால்' என்பவனும் 'ஹலோ' என்பவளும். இரண்டும் வகுப்பு வைத்த பெயர்கள். அவன் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். பேராசிரியர் எதைக் கேட்டாலும் சரியான பதிலைச் சொல்லிவிட்டு, மூச்சு விடுவதற்குள் "ஆனால்..." என்று இழுப்பான். தன் பதிலின் மீது தனக்கே நம்பிக்கை வராது. ஹலோ ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவள். வகுப்பில் வருகைக்குப் பெயர் கூப்பிட்டால்கூட "ஹலோ, சொல்லுங்க" என்று வாய் தவறிவிடும்.

அவன் அந்த வாரம் முழுக்க வாடகைச் சட்டம், சொத்து, திருட்டு என்று ஒவ்வொன்றாகப் படித்துத் தலைக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தான். அவளோ ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். கையில் பாதி தின்ற பன், கண்ணெல்லாம் சிவப்பு.

"படிச்சிட்டு வந்தீங்களா?" என்றான்.

"குளிச்சிட்டு வந்தேன். அதுவே பெரிய விஷயம்."

சீனியர் போனில் வந்தார். ஸ்கூட்டர் பஞ்சராம். "நான் வர்ற வரைக்கும் கேள்விய மட்டும் கேட்டு வைங்க. தத்துப்பித்துன்னு எதையும் சொல்லித் தொலைக்காதீங்க" என்று வைத்துவிட்டார்.

முதலில் வந்தவர் ஒரு கிளிக்காரர். "கிளி பறந்து பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு. திரும்பக் குடுக்க மாட்டேங்கிறாங்க. இப்ப அது அவங்க பொண்ணு பேரைச் சொல்லுது. சட்டப்படி கிளி யாரோடது?"

ஆனாலுக்கு உள்ளங்கை அரித்தது. வளர்ப்புப் பிராணி, காட்டுப் பறவை, கைவிட்டுப் போன சொத்து என்று மூன்று பிரிவுகள் வரிசையில் வந்து நின்றன. அதற்குள் ஹலோ கேட்டாள்: "உங்க வீட்டுல இருந்தப்போ யார் பேரைச் சொல்லிச்சு?"

"யார் பேரையும் சொல்லாது. நாங்க யாரும் அதோட பேசுறதில்லையே."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. "சரிம்மா. வீட்டுல கலந்துக்கிட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

அடுத்தவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கில்ல, தெரிஞ்சவர் ஒருத்தருக்கு. அவரோட மச்சான் அவரைக் குடும்ப குரூப்புலருந்து தூக்கிட்டான். மானநஷ்டக் கேஸ் போட முடியுமா?"

"தூக்குறதுக்கு முன்னாடி அந்தத் தெரிஞ்சவர் என்ன போட்டாரு?" என்றாள் ஹலோ.

"மச்சான் தூங்குற போட்டோ. வாயத் திறந்துக்கிட்டு."

'ஆனால்' குனிந்து பேனா மூடியைத் தேடுவது போல் சிரிப்பை மறைத்தான்.

மூன்றாவதாக ஒரு பெண்மணி வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. நாற்காலியில் உட்காரவில்லை. தோளில் ஒரு துணிப்பை. அடியில் ஏதோ கனத்துத் தொங்கியது.

"ஒரே ஒரு கேள்வி. ஆமா, இல்லன்னு சொன்னா போதும். என் கடைப் பூட்டை நானே உடைச்சா அது திருட்டா?"

இது அவன் படித்த கேள்வி. படித்ததே வந்து எதிரில் நின்றால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? சீனியர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

"கடை உங்க வாடகையிலதான் இருக்கா?"

"பதினோரு வருஷமா."

"வாடகை பாக்கி ஏதாவது?"

"ஒரு பைசா கிடையாது."

"உள்ள இருக்கிறது எல்லாம் உங்க பொருளா?"

"கடைசி கூழாங்கல்லு வரைக்கும்."

"அப்ப அது திருட்டு ஆகாதும்மா. தன் பொருளைத் தானே எடுத்தா திருட்டு இல்ல. ஆனால்..."

அவர் அந்தக் கடைசிச் சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. "நல்லா இருப்பா தம்பி" என்று திரும்பினார். பை நாற்காலியின் முதுகில் இடித்து டணார் என்றது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பையில் இருந்தது சுத்தியல்.

"ஹலோ, அம்மா, சொல்லுங்க" என்றாள் ஹலோ. சத்தமாக இல்லை, இருந்தும் அந்தக் குரலுக்கு ஆட்கள் நின்றுவிடுவார்கள். "உங்க கடைக்குள்ள இப்ப, இந்த நிமிஷம், என்ன நடக்குது?"

அந்தப் பெண்மணி நின்றார். அதுவரை விறைப்பாக இருந்த முகம் இளகி உடைந்தது.

"மூச்சு முட்டிக்கிட்டு இருக்கும்மா. எல்லாம் மேல வந்து வாயத் திறந்துக்கிட்டு நிக்கும்."

பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடையது வண்ணமீன் கடை. "தின்னுற மீனு இல்ல, வளக்குற மீனு" என்று அந்தத் துக்கத்திலும் திருத்தினார். இரண்டு சுவரும் நிறையக் கண்ணாடித் தொட்டிகள். மாடியில் இருக்கும் கட்டட உரிமையாளருக்குத் தன் மருமகனுக்குச் செல்போன் கடை வைத்துக்கொடுக்க ஆசை. காலி செய் என்றார். இவர், வேறு இடம் கிடைக்காமல் எங்கே போவேன் என்றார். நேற்றுக் கடை சாத்தி வீட்டுக்குப் போய், காலையில் வந்தால் இவர் பூட்டின் மேல் இன்னொரு பூட்டு. கூடவே உரிமையாளர் மாடிப்படியில் இருக்கும் ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிவிட்டார். கரண்ட் இல்லை என்றால் காற்றுக் குழாய் ஓடாது. காற்று ஓடாவிட்டால் தொட்டி மீன் தாங்காது.

"சாயங்காலம் வரைக்கும் எத்தனை உசிரு மிஞ்சும்னு சொல்ல முடியாது" என்றார் மீன்கடை அம்மா.

"பூட்டு யாரு பூட்டு?" என்றாள் ஹலோ.

"அவரோடது."

"கதவு?"

"அவரோடதுதான்."

"நீங்க உடைப்பீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? 'முடிஞ்சா உடைச்சுப் பாரு'ன்னு மாடியிலருந்து சொல்றாரு. மருமகன் பக்கத்துல போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

ஆனாலுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்கள் படம் பிடிக்கக் காத்திருக்கிறார்கள். சுத்தியல் பட்டதும் அடுத்தவர் சொத்தைச் சேதப்படுத்தினார் என்று இந்த அம்மா மீதுதான் புகார் போகும். அவன் 'ஆனால்' என்று இழுத்தது இதைச் சொல்லத்தான். திருட்டு இல்லை என்பது சரியான பதில்தான். அந்தச் சரியான பதிலைக் கையில் கொடுத்து, அவரை நேராகப் பொறிக்குள் அனுப்பப் பார்த்தோமே என்று காது மடல் சுட்டது. இவளோ இன்னும் ஒரு பிரிவைக்கூடச் சொல்லவில்லை. பூட்டு யாருடையது என்று கேட்டாள், அவ்வளவுதான்.

"அவர் நம்பர் குடுங்கம்மா."

"நாம பேசலாமா? விதிப்படி..." என்றான் 'ஆனால்'.

"விதிப்படி கேள்வி கேக்கலாம் இல்ல? நான் கேள்விதான் கேக்கப் போறேன்."

இருந்தாலும் அவன் சீனியரை அழைத்து விஷயத்தைச் சொன்னான், தான் உளறியதையும் சேர்த்து. பஞ்சர் கடைச் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னார்: "அவளைப் பேச விடு. மிரட்டவும் கூடாது, வாக்குக் குடுக்கவும் கூடாது. நீ பக்கத்துல நின்னு பாத்துக்க."

மூவரும் வாசல் படிக்கு வந்தார்கள். ஹலோ போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"சார், நூலகத்துச் சட்ட ஆலோசனை மேசையிலருந்து பேசுறேன். உங்க கீழ்க்கடையில மீனுக்குக் காத்து இல்லாம இருக்கு. கொஞ்சம் திறந்து விட முடியுமா?"

"நான் எதுக்கும்மா திறக்கணும்? என் கட்டடம், என் பூட்டு."

"சரி சார். அப்ப திறக்க மாட்டீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே!"

"அப்ப திறப்பீங்க."

"அப்படியும் சொல்லல."

"ரெண்டுல எதை எடுத்துக்கட்டும் சார்?"

"நீ என்ன வக்கீலா?"

"இல்ல சார், படிக்கிறேன்."

"படிக்கிறப்பவே இந்த வாயா! பாஸ் பண்ணிட்டா ஊரு தாங்காது."

"கேள்வி ஒண்ணுதான் சார். பதில் வந்தா வெச்சிடுவேன்."

அவள் குரலில் கோபம் இல்லை, குழைவும் இல்லை. விபத்து நடந்த இடத்திலிருந்து கத்துகிறவர்களிடம் 'எந்தத் தெரு, எத்தனை பேர்' என்று கேட்கும் குரல் இதுவாகத்தான் இருக்கும் என்று ஆனாலுக்குத் தோன்றியது. திறக்க மாட்டேன் என்று மனதுக்குள் வைத்திருப்பது சுலபம். அதையே ஒரு அந்நியப் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்வது வேறு. மனிதர் இரண்டுக்கும் நடுவில் நின்று தத்தளித்தார்.

பிறகு அவர் குரல் இறங்கியது. "சும்மா ஒரு விஷயம் கேக்குறேன். எனக்கில்ல, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு. வாடகைக்கு விட்ட இடத்த, கோர்ட்டுக்கு எல்லாம் போகாம, அவரே பூட்டிட்டா... பெரிய தப்பா அது?"

மீன்கடை அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஹலோ போனை ஆனாலிடம் நீட்டினாள். 'இது உங்க பாடம்' என்றது பார்வை.

அவனுக்குப் பதில் தெரியும், நன்றாகவே தெரியும். இருந்தாலும் ஒரு தடவை பட்டது போதும். "சார், நாங்க இந்த அம்மாவோட பிரச்சினையை முதல்ல கேட்டுட்டோம். அதனால உங்களுக்கு... உங்க தெரிஞ்சவருக்கு நாங்க ஆலோசனை சொல்லக் கூடாது. அவரை வேற ஒரு வக்கீலைப் பாக்கச் சொல்லுங்க. இன்னிக்கே பாத்தா நல்லது."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கே சார்."

அவன் அக்கறையாகத்தான் சொன்னான். மிரட்டும் எண்ணம் துளியும் இல்லை. மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சாவியோட கீழ வரேன். அவங்கள வரச் சொல்லு."

சீனியர் கிரீஸ் பிசுக்கோடு வந்து மேசையைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் கடைக்கு ஓடினார்கள்.

கடை ரயில்பெட்டி போல ஒடுக்கமாக நீண்டிருந்தது. கதவு திறந்ததும் வெதுவெதுப்பான பாசி வாடை முகத்தில் அடித்தது. இருட்டில் தொட்டிக்குத் தொட்டி மீன்கள் நீர்மட்டத்தில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூட நீந்தவில்லை.

"ஃபியூஸ் கட்டை எங்க சார்?" என்றார் மீன்கடை அம்மா.

உரிமையாளர் பிடரியைச் சொறிந்தார். "மருமகன்கிட்ட. நீ வந்து மாட்டிடுவியோன்னு அவன் பையில போட்டு வெச்சேன். நீ வரக் காணோம்னு அவன் காரை எடுத்துட்டுப் போயிட்டான். கூப்பிட்டாச்சு, வந்துட்டு இருக்கான்."

சண்டை போட மீன்கடை அம்மாவுக்கு நேரம் இல்லை. உள்ளேயிருந்து நாலு மக் எடுத்து வந்து ஆளுக்கொன்றாகத் திணித்தார். உரிமையாளர் கையிலும் ஒன்று.

"தொட்டித் தண்ணியை மொண்டு, உசரத்துலருந்து அதே தொட்டியில ஊத்துங்க. காத்து கலக்கணும். மீனு மேல ஊத்தாதீங்க, ஓரமா. சார், நீங்க அந்தப் பக்கம்."

"நானா?"

"வேற யாரு, உங்க பூட்டா ஊத்தும்?"

அவர் வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டார். நான்கு பேரும் ஊற்றினார்கள். மொண்டு, தூக்கி, ஊற்றி, மறுபடி மொண்டு. 'ஆனால்' வழக்கம்போல எல்லாத் தொட்டிக்கும் சமமாக ஊற்றினான். "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வேணாம் தம்பி. கூட்டம் அதிகமா இருக்கிறதுக்கு முதல்ல" என்று விரட்டினார் அந்த அம்மா. எந்தத் தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அவருக்குப் பார்வையிலேயே தெரிந்தது. ஹலோ பேசாமல் அவர் கண் போகும் தொட்டிக்கெல்லாம் போனாள். உரிமையாளருக்கு மூச்சு வாங்கியது, இருந்தும் நிறுத்தவில்லை. ஒரு தங்கமீன் மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தபோது "ஏய், ஏய், இங்க பாரும்மா!" என்று அவர்தான் அலறினார்.

மருமகன் வந்து ஃபியூஸ் கட்டையை மாட்டியதும் சுவர் முழுக்க விளக்கு எரிந்தது. குழாய்கள் ஒருமுறை இருமின. பிறகு எல்லாத் தொட்டிகளிலும் குமிழ்கள் கிளம்பின.

செத்தது பதினைந்து இருபது இருக்கும். மற்றவை பிழைத்துக்கொண்டன. மீன்கடை அம்மா செத்தவற்றை வலையால் அள்ளி ஒரு தட்டில் வைத்தார். உரிமையாளர் தட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதோட விட்டுட்டேன்னு நினைக்காத. முறைப்படி நோட்டீஸ் அனுப்புவேன்" என்றார், சட்டை நுனியைப் பிழிந்தபடி.

"அனுப்புங்க சார். முறைப்படி வந்தா முறைப்படி பதில் சொல்றேன்."

அவர் தன் பூட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினார். மருமகன் பின்னாலேயே போனான்.

ஹலோவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று 'ஆனால்' திரும்பினான். நல்ல வாக்கியமாக ஒன்றை மனதில் கோத்தும் வைத்திருந்தான். அவள் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள். மக் இன்னும் கையில் இருந்தது. மீன்கடை அம்மா அதை மெதுவாக உருவி எடுத்து, 'பேசாதே' என்று அவனுக்கு விரலால் காட்டினார்.

பிறகு அவரே கிசுகிசுத்தார். "தம்பி, நிஜமாவே நோட்டீஸ் வந்தா நான் என்ன செய்யணும்?"

அதற்கும் அவன் படித்திருந்தான். முழுப் பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

"நீங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்கம்மா? இங்கயேதான் இருக்கணுமா?"

அவர் தொட்டிகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருந்தது.

"இங்கயேன்னு இல்லப்பா. நல்ல கரண்ட் உள்ள இடம் கிடைச்சா போயிடுவேன். ஒவ்வொரு தொட்டியா மீனைப் பழக்கித்தான் நகர்த்தணும், மாசக்கணக்குல ஆகும். அது வரைக்கும் எவனும் வந்து பூட்டக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அப்ப அதைக் கேப்போம்" என்றான் அவன், ஹலோ விழித்துவிடாமல் குரலைத் தாழ்த்தி. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மொதல்ல இதைச் சொல்லுங்கம்மா. எந்தத் தொட்டிய நகர்த்துறது ரொம்பக் கஷ்டம்?"