சைபர் யூனிட்

பல் விளக்குகிறாளோ இல்லையோ, காலையில் எழுந்ததும் மகாலட்சுமி அப்பா வீட்டு மீட்டரைப் பார்த்துவிடுவாள். அப்பா மருதை ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் தனியாக இருக்கிறார். இவள் இருப்பது கைலாசபுரம் குவார்ட்டர்ஸில். வீட்டுக்காரர் போர்ஷனுக்குப் போர்ஷன் ப்ரீபெய்ட் மீட்டர் மாட்டிய நாளிலிருந்து, ரீசார்ஜ் போடுவது இவள் செல்போனில்தான். மணிக்கு எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்றுகூட அதில் தெரியும்.

அதோடு சும்மா இருந்தாளா? தினம் சாயங்காலம் போன் போட்டு, "ஆறு யூனிட்டுப்பா இன்னிக்கு. ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுதா?" என்று ஒரு பிடி பிடிப்பாள். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி, ஒருத்தரிடமும் பேச்சு வாங்காத மனுஷன் அவர். மகளிடம் மட்டும் "சரிம்மா, சரிம்மா" என்பார். ஆறு ஐந்தானது, ஐந்து மூன்றானது. இவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நேற்று காலை ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் சைபர். ஐந்து மணிக்கு மோட்டார் போடுவார், ஆறு மணிக்கு டிவியில் செய்தி. ஒன்றுமே ஓடவில்லை. மீட்டரில் காசு இருந்தது, தெருவில் கரண்டும் இருப்பதாகக் காட்டியது. போன் அடித்தால் சுவிட்ச் ஆஃப். போன மாசம் தலை சுற்றுகிறது என்று சொன்னாரே என்று ஞாபகம் வந்தது.

லீவு சொல்லாமலே ஆட்டோ பிடித்தாள். காவிரிப் பாலத்தில் வண்டி நகரவில்லை. அவளுக்கு உயிர் உயிராக இல்லை.

வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பெல்லை அழுத்தினாள், சத்தமில்லை. கதவைத் தட்டினாள், ஒரு பதிலும் இல்லை. சந்து வழியாகப் பின்பக்கம் ஓடினாள்.

அடி பம்பு பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மருதை வேட்டிக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா மகா. பாத்தியா, இன்னிக்கு சைபர்தானே?" முகமெல்லாம் சிரிப்பு. "ராத்திரியே மெயினை இறக்கிட்டேன். உனக்குச் சொல்லலாம்னா போன்ல சார்ஜ் இல்ல."

"ஃப்ரிட்ஜு?"

"அதுல என்ன இருக்கு, ரெண்டு எலுமிச்சம்பழம்."

போன உயிர் திரும்பி வந்த வேகத்தில் அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மருதை சோப்புக் கையோடு நின்றார். எதற்கு அழுகிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"காசுக்காகவா தினம் அதைப் பாக்கறேன்னு நெனச்சீங்க?" என்றாள். "நீங்க எந்திரிச்சிட்டீங்களா, மோட்டார் போட்டீங்களான்னு எனக்கு அதுலதாம்பா தெரியும். அது சைபர்னா நான் என்னன்னு நெனைக்கிறது?"

மருதை வேட்டியை வாளியில் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் மெயினைத் தூக்கிவிட்டார். பிறகு ஹால், சமையலறை, ரூம் என்று ஒரு சுவிட்சு விடாமல் போட்டுக்கொண்டே போனார்.

இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் மகாலட்சுமி ஹால் லைட்டை அணைக்கக் கை நீட்டினாள்.

மருதை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "எரியட்டும் விடும்மா. பஸ்ல போறப்போ நீ பாப்பேல்ல."