சத்தம் போடாத நூல்

கம்பியை அவன் குப்பையில் போட்டிருந்தான். உப்புப் பூத்த சுருள்கள் படகுத்துறைக் குப்பைத்தொட்டியிலிருந்து பாதி வெளியே தொங்குவதைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கம்பிக்காக ஊரோடு சண்டை போட்டவன் அவள் புருஷன். படகின் பின்பக்கம் பொருத்தியிருக்கும் டவுன்ரிகர் ராட்டினத்தில் வேறெதையும் ஏற்ற விடமாட்டான். கம்பி நுனியில் தேங்காய் அளவு ஈயக்குண்டு தொங்கும். அது இறங்கும்போது தூண்டிலையும் ஆழத்துக்குக் கொண்டுபோகும். படகு நகர நகர, தண்ணீரைக் கிழிக்கும் கம்பி ரீங்காரமிடும். அதைக் கேட்டே, பாசி சிக்கிவிட்டது, குண்டு தரை தட்டுகிறது என்று சொல்லிவிடுவான். நூல் போடுகிறவர்களைப் பார்த்தால், "பட்டம் விடப் போறானுங்க" என்பான்.

இப்போது ராட்டினத்தில் பச்சை நிறப் பின்னல் நூல்.

"என்னங்க இது?"

"நூல்தான் நல்லது. துருப் பிடிக்காது. பிசிறு கையைக் கிழிக்காது. மெலிசா இருக்கிறதால குண்டு பின்னால இழுபடாம நேரா நிக்கும்."

பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தான். ஒரே ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"பாறையில உரசினா அறுந்துடும்னு சொன்னது யாரு?"

"உரசாம பாத்துக்கலாம்."

அவளுக்கு மனசு ஆறவில்லை. போன வாரம்தான் படகுக்குப் புது பெயிண்ட் அடித்தான். இப்போது நூல். அவன் தங்கை புருஷன் ரொம்ப நாளாகவே படகின் மேல் ஒரு கண் வைத்திருக்கிறான். அவனுக்குக் கம்பி என்றாலே ஆகாது. ஃபோன் வந்தால் இவன் எழுந்து வெளியே போய்விடுகிறான். வீட்டில் என்ன கேட்டாலும் ஒரு 'ம்'. நம்மைக் கேட்காமலே விற்கப் போகிறானோ?

கொக்கி வாங்குகிற சாக்கில் தூண்டில் கடைக்குப் போனாள்.

"நான் கம்பிதான் எடுத்து வச்சேன், அக்கா" என்றார் கடைக்காரர். "வேணாம்னுட்டாரு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, இந்த நூல் சுத்தமா சத்தமே போடாதான்னு."

"சத்தம் போட்டா இவருக்கு என்னவாம்?"

"அதை நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

மறுநாள் கடலில் அவள் அதைக் கேட்கவில்லை. பின்பக்கம் உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரீங்காரம் இல்லாத படகு யாரோ கோபித்துக்கொண்டு போன வீடு மாதிரி இருந்தது. அவன் நொடிக்கொருதரம் வலது பக்கமாகத் திரும்பித் தூண்டில் கழியின் நுனியைப் பார்த்தான். முன்பெல்லாம் இப்படிப் பார்க்கிறவன் இல்லை.

இடது பக்கமிருந்து பெரிய விசைப்படகு ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது. அவன் திரும்பவில்லை. மறுபடி அடித்தது. "என்னங்க!" என்று கத்தினாள். அப்போதும் அசையவில்லை. பாய்ந்து போய் அவன் கைக்கு மேலாகச் சுக்கானைப் பிடித்துத் திருப்பினாள். விசைப்படகு கைநீட்டினால் தொடும் தூரத்தில் கடந்துபோக, அலை இருவரையும் நனைத்தது. அங்கிருந்து யாரோ திட்டியதும் அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

எஞ்சினை நிறுத்தினாள். "எப்போலேர்ந்து?"

அவன் துணி மூடிய அவள் வாயைப் பார்த்தான்; வலது காதை அவள் பக்கம் திருப்பினான். "இடது காது போன வருஷமே போச்சு. வலதும் இப்போ போய்க்கிட்டிருக்கு."

"அதுக்கு ஏன் நூலை மாத்தினீங்க?"

"கம்பின்னா உனக்குக் கேக்கும், எனக்குக் கேக்காது. நூலுன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே."

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. இந்த ஒரு வருஷத்தில் அவன் போட்ட 'ம்'கள்தான் ஒவ்வொன்றாக வந்தன. அடுப்பைப் பார்த்தபடி அவள் சொன்னவை, இருட்டில் படுத்துக்கொண்டு சொன்னவை. எது அவனுக்குப் போய்ச் சேரவில்லை? எதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டான்?

"எல்லாத்தையும் மறுபடி சொல்லணும்" என்றாள்.

"என்ன?"

வெயிலுக்காக முகத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். அவன் எதிரே, முட்டி இடிக்க உட்கார்ந்தாள். படகு தன் போக்கில் மிதந்தது. அவன் தலையைச் சற்றே சாய்த்து, ஈரம் சொட்டும் முகத்தோடு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.